பிள்ளைக்கு வாங்கிய பசு

1944 பிப்ரவரி 8, செவ்வாய். சாத்தான்குளம்

நான்காம் வகுப்பு நோட்டுகள் இன்னும் திருத்தவில்லை. பிள்ளைக்கு மறுபடியும் வயிற்றுப்போக்கு. தங்கை ரோஸ் இவளைப் பெற்றுப் போட்டுவிட்டு இறந்து இரண்டு மாதம் ஆகிறது. அவள் கணவர் தேவபிரசாதம் தூத்துக்குடி துறைமுகத்தில் கிளார்க். தனி ஆளாக எப்படி வளர்ப்பார்? என்னிடம் விட்டுப் போனார். பள்ளி நேரத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்துக்கொள்கிறாள்.

பால்காரர் வீரபாகு ஊற்றுவது பால் நிறத்தில் தண்ணீர். கேட்டால், "சண்டைக் காலம் டீச்சரம்மா, மாடெல்லாம் இளைச்சுப் போச்சு" என்கிறார்.

பிப்ரவரி 12

டாக்டரம்மா பிள்ளையின் தொடையைக் கிள்ளிப் பார்த்தார். தோல் எழுந்தபடியே நின்றது. "இந்தப் பாலை நம்பினா பிள்ளை தாங்காது."

பிப்ரவரி 14

பசு வாங்கத் தபாலாபீஸில் இருந்த தொண்ணூறு ரூபாயையும் எடுத்துவிட்டேன். ஜூனில் பாளையங்கோட்டைக்குப் போய் ஆசிரியப் பயிற்சி படிக்க நாலு வருஷமாகச் சேர்த்தது. பயிற்சி இல்லாத டீச்சராகவே — சரி, எழுதி என்ன ஆகப்போகிறது.

பிப்ரவரி 19, சனி

பசு கன்றோடு வந்துவிட்டது. விற்றவள் சுடலைமாடத்தி, விதவை. வைக்கோல் வாங்க வழியில்லை. அவள் அண்ணனும் தரகர் செந்தூர்பாண்டியும் மற்றவருக்குத் தெரியாதபடி துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசினார்கள். நான் வேலியோரம் நின்றேன். எனக்குச் சொன்ன விலை நூற்றுப் பதினைந்து. கம்மல் விற்ற பணமும் போயிற்று.

சுடலைமாடத்தி பசுவின் நெற்றியைத் தடவி, "போயிட்டு வா, ஏளா" என்றாள்.

பிப்ரவரி 20

உதைத்தது. ஒரு சொட்டு இல்லை.

பிப்ரவரி 22

கன்றை விட்டாலும் மடியை இறுக்கிக்கொள்கிறது. பிள்ளையும் அழுதாள், நானும் அழுதேன். ஐயோ ரோஸ், என்னத்துக்குடி என்கிட்ட விட்டுட்டுப் போன?

பள்ளிக்கூடம் விட்டதும் இரண்டு மைல் நடந்தேன், சுடலைமாடத்தியிடம் சண்டை போட. அவள் உடனே கூடவே வந்தாள். அவள் குரல் கேட்டதும் பசு தலையைத் திருப்பியது. அவள் கறந்தாள், அரைப் படி. பிள்ளை குடித்து உறங்கினாள்.

"என் கைக்கு வந்தது தொண்ணூத்தஞ்சுதான் டீச்சரம்மா" என்றாள் பிறகு. இருபது ரூபாய் துண்டுக்குள்ளேயே போய்விட்டது. கோபப்படக்கூடத் தெம்பில்லாமல் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

ஏப்ரல் 3

சுடலைமாடத்தி தினம் இரண்டு வேளையும் வந்து கறக்கிறாள். கூலிக்கு ஒரு ஆழாக்குப் பால் போதும் என்கிறாள். வைக்கோல், பருத்திக்கொட்டை, புண்ணாக்கு — சம்பளம் வந்த வாரமே தீர்கிறது. சாணி அள்ளிவிட்டுப் பள்ளி மணிக்குள் ஓட வேண்டும். முதுகு விட்டுப்போகிறது.

பிள்ளையின் கன்னத்தில் சதை வைத்திருக்கிறது.

ஜூன் 12

பாளையங்கோட்டையில் வகுப்பு தொடங்கியிருக்கும்.

செப்டம்பர் 24

பிள்ளை "ம்மா" என்றாள். பசுவைப் பார்த்தா, என்னைப் பார்த்தா?

நவம்பர் 4, சனி

தேவபிரசாதம் மறுமணம் செய்த செய்தி ஆகஸ்டிலேயே வந்தது. இன்று அந்தப் பெண்ணோடு வந்தார்.

"மைனி, பிள்ளை தேறிட்டா. இனிமே நாங்க வளர்த்துக்கிடுதோம். உங்களுக்கும் எவ்வளவு கஷ்டம்."

பெற்ற தகப்பனிடம் என்ன சொல்ல? அந்தப் பெண் பிள்ளையை இடுப்பில் வாங்கியதும் தன் முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டாள். நல்லவள்தான். பசுவுக்கு ஆன பணத்தைத் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன்.

பெட்ரோல் பஞ்சத்தில் ஓடும் கரிவாயு பஸ் ஆரன் அடித்ததும் பிள்ளை சிரித்தாள். அழவில்லை.

நவம்பர் 5, ஞாயிறு

விடிந்ததும் சுடலைமாடத்தி வழக்கம்போல் கறந்து கொண்டுவந்தாள். வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பாலை என்ன டீச்சரம்மா செய்ய?"

"காய்ச்சு. ரெண்டு பேரும் குடிப்போம்."

குடித்தோம். திக்கான பால். இத்தனை மாதத்தில் இன்றுதான் ருசி பார்க்கிறேன்.