அவள் நிறுத்திய வரி

அன்பு மகனுக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. உன் மகளுக்கு அநியாயம் நடந்திருக்கிறது. நன்றாகப் படிக்கிற பிள்ளையை ‘வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் இல்லை’ என்று எழுதி, மந்தமான பிள்ளைகளின் வகுப்புக்குத் தள்ளப் போகிறார்கள். நீயும் போனில் சரி என்று சொல்லிவிட்டாயாம்.

நடந்ததைக் கேள். வரலாற்றுப் பாடத்தில் இனப்படுகொலை வருகிறது. டீச்சர் கடிகாரமும் கையுமாக நின்று ஒவ்வொருவரையும் சத்தமாக வாசிக்கச் சொல்கிறார், பிறகு கேள்வி. தாய்மாரிடமிருந்து பிரித்துப் பிள்ளைகளை வேறு லாரியில் ஏற்றிய வரி வந்ததும் இவள் நின்றுவிட்டாள். கேள்விகளுக்கும் வாய் திறக்கவில்லை. பூஜ்யம். முன்னால் வாசித்தவன் கடகடவென்று ஒப்பித்து முழு மதிப்பெண் வாங்கிவிட்டு, உட்காரும்போதே மத்தியான விளையாட்டைப் பற்றிப் பேசினானாம்.

பள்ளிக்குப் போனேன். “புரிஞ்சிருந்தா பதில் சொல்லியிருப்பாளே, ஐயா” என்றார் டீச்சர். “புரிஞ்சதாலதாம்மா நின்னுட்டா” என்றேன். மதிப்பெண் தாளை என் பக்கம் திருப்பி, “அதை நான் எந்தக் கட்டத்துல எழுதுறது?” என்று கேட்டார். ஆபீஸ்காரர் வந்து, “பெரியவரே, சத்தம் போடாதீங்க” என்றார். அதுவரை நான் போடவில்லை. அதற்குப் பிறகு போட்டேன்.

உன் மனைவியோ, “மாமா, விடுங்க, ஒரு பருவம்தானே” என்கிறாள். கடைப் பலகைகளைப் பார்த்துத் தானாக எழுத்துக் கற்றவன் நான். முட்டாள் என்று பெயர் வாங்கினால் அது எவ்வளவு காலம் ஒட்டிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று. அந்தப் பாடத்தில் இருப்பது நான் பிறந்த ஊர். அங்கே எனக்கு ஒரு தங்கை இருந்தாள் என்பது மட்டும் உன் மகளுக்குத் தெரியும். நேற்றுப் பள்ளியிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: “தாத்தா, உங்க தங்கச்சி எந்த லாரில போனாங்க?” தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். இன்று காலையும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனி ஆக வேண்டியது. கொடுத்த சம்மதத்தை நீ உடனே திரும்பப் பெற வேண்டும். கிழவர் பிடிவாதம் என்று பழியை என் மேல் போடு. உன் மனைவி எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. டீச்சர் கடிகாரத்தை உள்ளே வைத்துவிட்டு, அவளைத் தனியே உட்காரவைத்துக் கேட்க வேண்டும். பதில் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். தங்கையைப் பற்றிக் கேட்டதற்கு நான் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும். உனக்கும் அதைச் சொன்னதில்லை. இரண்டு தடவை சொல்ல என்னால் ஆகாது.

ஆகவே, லீவு போட்டுவிட்டு நீ வர வேண்டும்.

நன்றாக இரு.
அப்பா