கிழிவதற்கென்று ஒரு திரை

மார்ச் 3, செவ்வாய்

இளநீலம், இரத்தாம்பர ஊதா, சிவப்பு மூன்று துணியையும் சேர்த்துத் தைத்து முடித்தேன். சபைக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் இவர் கண்காட்சிக்காக, வேதத்தில் வரும் ஆசரிப்புக் கூடாரத்தின் மாதிரியை நிறுத்துகிறார். பலகைகளுக்குத் தங்கப் பூச்சு, கேருபீன் தூதர்களுக்குத் தெர்மோகோல் இறக்கை. பிரசங்கத்தின் முடிவில், உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்தின் திரையை மேலிருந்து கீழாகக் கிழித்துக் காட்ட வேண்டுமாம். நடுவில் மட்டும் மெல்லிய நூலால் தளர்வாகத் தை என்றார். இழுத்தால் கிழிய வேண்டும், ஆனால் தையல் தெரியக்கூடாது. போதகர் மனைவிக்கு இதுவும் கை வர வேண்டும்.

மார்ச் 5

மகள் போன் செய்தாள். கண்காட்சி பார்க்க வரட்டுமா என்கிறாள். வேற்று மதத்துப் பையனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் பெயர் சபையிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பெற்ற பெண் வருவதற்கு யாரைக் கேட்பது? கேட்கத்தான் போகிறேன், எனக்கே தெரியும்.

மார்ச் 6

கேட்டேன். சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "வரட்டும், எல்லாரும்தான் வர்றாங்க. வெளிப்பிராகாரத்தோட நிக்கட்டும். கூடாரத்துக்குள்ள விட்டா நாளைக்குச் சபை என்னைக் கேக்கும்."

உள்ளே வைத்திருக்கும் தங்கத்தாள் ஒட்டிய அட்டைப்பெட்டிக்கு இத்தனை கட்டுக்காவல். தட்டை எடுத்துப் போனேன்.

மார்ச் 8, ஞாயிறு

முதல் நாள். நல்ல கூட்டம். இவர் நன்றாகவே பேசினார், மறுக்க மாட்டேன். பலிபீடம் சிலுவை. வெண்கலத் தொட்டி நம்மைக் கழுவும் வசனம். சமுகத்தப்ப மேசை ஜீவ அப்பம், குத்துவிளக்கு உலகத்தின் ஒளி, தூபபீடம் ஜெபம். ஒவ்வொரு சாமானும் கிறிஸ்துவையே காட்டுகிறது என்றார். பிறகு திரை. அது அவருடைய மாம்சம், அது கிழிந்துவிட்டது, இனி யாரும் தயங்காமல் கடவுளின் கிருபாசனத்தண்டை வரலாம் என்று சொல்லி, சர்ரென்று கிழித்தார். பின்வரிசையில் பலர் அழுதார்கள்.

மகள் வெளிப்பிராகாரத்தில் பலிபீடத்தருகே நின்றிருந்தாள். கூடார வாசலில் சபைச் செயலாளர் கையை நீட்டி மறித்தாராம். அங்கிருந்து எதுவும் தெரியாது. துணி கிழிகிற சத்தம் மட்டும் கேட்டிருக்கும்.

மார்ச் 9

காலையில் தைத்தேன். மாலையில் கிழித்தார்.

மார்ச் 10

தைத்தேன். கிழித்தார். விரல் நுனியெல்லாம் ஊசிக்குத்து.

மார்ச் 11

நூல் கோக்கும்போது தோன்றியது. கிறிஸ்து சிலுவையில் மரித்த அன்று தேவாலயத்தில் நிஜத்திரை கிழிந்ததே, அதற்குப் பிறகு யாரோ அதைத் தைத்திருப்பார்கள் அல்லவா? அங்கே ஆராதனை நின்றுவிடவில்லையே. அந்த ஆள் யாரென்று வேதத்தில் இல்லை. ஐயோ, நான் என்ன வேலை பண்ணிட்டிருக்கேன்? என் பிள்ளைய வெளிய நிறுத்துற துணிய நானே ஒட்டுப்போட்டுக் குடுக்கிறேனே. தினமும். பாராட்டு வேற வாங்கிக்கிட்டு.

மார்ச் 12

தைக்கவில்லை.

மார்ச் 13

நேற்று மாலை, கூட்டம் தொடங்கும் முன் உள்ளே போனவர் திரை இரண்டாகத் தொங்குவதைப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தார். ஜனங்கள் வரும் நேரத்தில் என்ன விளையாட்டு இது என்றார்.

"அது ஒரு தடவைதான் கிழிஞ்சுது. இனிமே நான் தைக்க மாட்டேன். அவ உள்ள வரட்டும், அப்புறம் பேசுங்க."

"ஆவிக்குரிய அர்த்தம் வேற, சபை ஒழுங்கு வேற. உனக்குப் புரியாது."

புரிந்துவிட்டது. இத்தனை வருடம் கழித்து.

செயலாளரின் மனைவி ஊக்கு குத்தித் திரையை மூடினார். கிழிக்கும்போது ஊக்கு இவர் உள்ளங்கையைக் கீறிவிட்டது. நான் பரிதாபப்படவில்லை. பட்டேன், கொஞ்சம்.

மார்ச் 14

பெட்டியில் நாலு துணி எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். இவர் தடுக்கவில்லை. எனக்கு உடம்பு சரியில்லை என்று சபையில் சொல்லிக்கொள்வார்.

மார்ச் 29, ஞாயிறு

ஆராதனை முடிந்து நேராக இங்கே வந்தார். கையில் ஒரு பை, பையில் திரை. வேறொரு சபையில் கண்காட்சிக்குக் கேட்டிருக்கிறார்களாம். மற்றவர்கள் தைத்தால் தையல் தெரிகிறதாம்.

கதவைத் திறந்தவள் மகள். "உள்ள வாங்கப்பா" என்றாள். கொஞ்சமும் யோசிக்கவில்லை. நானாக இருந்தால் வாசலிலேயே நிற்க வைத்து நாலு கேள்வி கேட்டிருப்பேன். மருமகன் எழுந்து தன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

இவர் படியிலேயே நின்றார். நேரமாகிறது என்றார். பையை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கவில்லை. மறுபடியும் "வாங்கப்பா" என்றாள். தலையை ஆட்டிவிட்டுப் பையோடு திரும்பி நடந்தார்.

அவர் தெருமுனை தாண்டும்வரை மகள் கதவைச் சாத்தவில்லை.