கெஜட்டின் பின்பக்கம்

செவ்வாய், பௌர்ணமிக்கு மறுநாள்.

இப்படித்தான் ஆகும் என்று நான் அப்போதே சொன்னேன். வெள்ளைக்காரன் காலத்து கெஜட்டைப் படிக்க இந்த ஜில்லாவில் என்னை விட்டால் ஆள் ஏது?

கீழ்பென்னாத்தூர் நிலத்தை எங்கள் தாத்தா ஏலத்தில் எடுத்ததற்கு ஆதாரமாக அதன் ஜெராக்ஸை வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குக் கொண்டுபோனேன். தம்பியும் வந்தான். கிளார்க் படித்துவிட்டுக் கேட்டான்.

“பெரியவரே, துறைமுகத்துல மிதவையை இடம் மாத்திட்டாங்க, கப்பலுங்க பார்த்து வரணும்னு போட்டிருக்கு. உங்க நிலத்துல கப்பல் வருதுங்களா?”

வரிசையே சிரித்தது. நில ஏலப் பட்டியல் பின்பக்கம் இருக்கிறது. ஜெராக்ஸ் கடைக்காரன் முன்பக்கத்தை எடுத்துத் தொலைத்தால் நான் என்ன செய்வேன்? கப்பலைப் பற்றியும் எனக்கு ஜாஸ்தியாகவே தெரியும். கேட்கத்தான் ஆளில்லை.

வெளியே வந்ததும் தம்பி நின்றுவிட்டான்.

“தாத்தா பேரை நீ பார்த்தியாண்ணே? அதை நம்பித்தானே, நிலத்தை வச்சிருக்கிற பங்காளி சமாதானமா பாதி தர்றேன்னப்போ வேணாம்னுட்டேன்.”

“ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்டா.”

“அப்போ நாளைக்குப் பின்பக்கத்தை எடுத்துட்டு வா. நானே கிளார்க்கிட்ட காட்டுறேன்.”

வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுப் பின்பக்கத்தை மூன்று தடவை பார்த்துவிட்டேன். பட்டியலில் ஊர்ப் பெயர் இருக்கிறது. தாத்தா பெயர் இல்லை. அதை நான்தான் சேர்த்துச் சொன்னேன்.