போயிட்டு வரேன்னு சொன்னவளுக்கு

என் பங்காளி மோனிக்கு,

பள்ளி ஆண்டு மலரில் உனக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரே ஒரு பக்கம். தாமதமாக வருபவர்கள் பதிவேட்டிலேயே மூன்று பக்கம் பிடித்தவள் நீ. மேலே உன் புகைப்படம், சுற்றிலும் பூ. ஆதார் அட்டைக்கு எடுத்த படம் போல, சிரிப்பே இல்லை. பார்த்தால் அஞ்சலி மாதிரி தெரியவில்லை, உன்னை எங்கேயோ பிடித்து வைத்திருக்கிறார்கள் போலத் தெரிகிறது.

அந்தப் பக்கத்தில் முதலில் துண்டு போட்டது யார் தெரியுமா? தாரணி. "என் உயிர்த்தோழி மோனிஷா" என்று தலைப்பு வைத்து ஒரு கவிதை. அதில் உன்னை நிலவு என்கிறாள். எந்த ஊர் நிலவு அடுத்த வீட்டுக் காலிங்பெல்லை அமுக்கிவிட்டு ஓடியது?

படித்ததும் வயிறு எரிந்தது. துக்கத்தில் எரிந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். உன்னிடம் புளுகிப் பழக்கமில்லை. பொறாமை. அவள் உன்னை அறிந்தது ஐந்தே மாதம். நாம் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே டிபன் பாக்ஸைப் பங்கு போட்டுத் தின்றவர்கள், அதனால்தான் பங்காளி என்றே பெயர் வந்தது. உயிர்த்தோழி என்ற பட்டத்தை அவளுக்கு எந்தப் பல்கலைக்கழகம் கொடுத்தது?

நேராகத் தமிழ் மிஸ்ஸிடம் போனேன்.

"மிஸ், நானும் எழுதறேன்."

"நீயா? இது அஞ்சலிம்மா. ஜோக்கெல்லாம் வரக்கூடாது."

"வராது மிஸ்."

இதற்குள் இரண்டு வந்துவிட்டது. மிஸ், தயவுசெய்து எதையும் வெட்டிவிடாதீர்கள். இந்தக் கடிதத்தில் போதுமான அளவு வெட்டு குத்து ஏற்கெனவே இருக்கிறது.

படிக்கிறவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், நடுவில் குறுக்கே பேசாதே.

பத்தாவது பரீட்சை முடிந்த கோடை. நெமிலிச்சேரியில் உங்கள் வீட்டு மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டியின் நிழல், உன் அம்மாவின் விரிசல் விழுந்த போன். நாம் பிறப்பதற்கு ரொம்ப முன்னால் வந்த அமெரிக்கப் படம். வாயை இழுத்துப் பிளந்த வெள்ளை முகமூடி, கையில் கத்தி. முதலில் போன் அடிக்கும். எடுத்தால் பேய்ப்படங்களைப் பற்றி வினாடி வினா. விடை தப்பானால் குத்து. கத்திப் படத்தைக் கத்திக் கத்திப் பார்த்தோம். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று போட்டிருந்தது. நம் இருவர் வயதையும் கூட்டினால் முப்பத்திரண்டு வருகிறது, தாராளமாகப் பார்க்கலாம் என்று நீதான் தீர்ப்பு எழுதினாய்.

ஒரே இயர்போன். இடது பக்கம் கேட்கும், வலது பக்கம் செத்துப்போனது. நல்ல பக்கத்தை என் காதில் செருகிவிட்டு, செத்த பக்கத்தை உன் காதில் மாட்டிக்கொள்வாய். உனக்கு ஒன்றும் கேட்காதே என்றால், "எதுக்கு கேக்கணும்? நானே பேசிக்கிறேன்" என்று வசனத்தை நீயே போட ஆரம்பித்தாய். என் ஒரு காதில் கொலைகாரனின் இங்கிலீஷ். இன்னொரு காதில் உன் குரல். "ஹலோ... இன்னா படம்மா புடிக்கும் உனக்கு? ஊட்ல யாரும் இல்லியா? கதவ தாப்பா போட்டியா, மறந்துட்டியா?" பயந்து நடுங்க வேண்டிய இடத்தில் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டேன்.

நம் ஊர்ப் பேய்களுக்கு ஒரு ஞாயம் உண்டு. யாரோ கெடுத்திருப்பார்கள், பழிவாங்க வரும், கடைசியில் கோயிலுக்கு வந்து அடங்கும். அந்தப் படத்தில் பேயே இல்லை. அதில் வரும் பிள்ளைகள் எல்லாரும் நம்மைப் போலவே நூறு பேய்ப்படம் பார்த்தவர்கள். இப்படிச் செய்தால் சாவாய், அப்படிச் சொன்னால் சாவாய் என்று விதிகளை ஒப்பிப்பார்கள். ஒப்பித்துவிட்டு அதையே செய்வார்கள். கடைசியில் முகமூடியைக் கழற்றினால், கூட உட்கார்ந்து சிரித்துத் தின்ற நண்பன். எனக்கு அந்த இடம்தான் இன்றுவரை போகவில்லை.

அந்த விதிகளிலிருந்து நீ நமக்கு ஒரே ஒரு சட்டம் எடுத்தாய். கிளம்பும்போது "இதோ வந்துடறேன்" என்று சொன்னவன் எவனும் அந்த மாதிரிப் படங்களில் திரும்பி வருவதில்லை. ஆகவே நாம் இருவரும் இனிமேல் "போயிட்டு வரேன்" என்று சொல்லக்கூடாது. "போறேன்" மட்டும்தான்.

தமிழ் வீட்டில் இந்தச் சட்டத்தை அமல்படுத்துவது எவ்வளவு கஷ்டம்! எங்கள் வாசலில் நின்று நீ முதல் தடவை "போறேன்" என்று கத்தியபோது என் அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

"அடிப்பாவி, வெள்ளிக்கெழமையும் அதுவுமா இன்னாடி பேச்சு இது? போயிட்டு வரேன்னு சொல்லுடி!"

"அத்தே, அப்டி சொன்னவன்லாம் காலி அத்தே. போறேன்னு சொன்னாதான் சேஃப்டி."

"உன் வாய்ல சூடு வெக்க! திரும்பி உள்ள வந்து, தண்ணி குடிச்சிட்டு, ஒழுங்கா சொல்லிட்டுப் போ!"

நீ உள்ளே வருவாய், தண்ணீர் குடிப்பாய், வாசலைத் தாண்டுவாய், மறுபடி "போறேன்" என்று கத்திவிட்டு ஓடுவாய். அம்மா நெட்டி முறித்துத் திட்டுவாள். ஆறு மாதம் நம் இருவர் வாயிலிருந்தும் அந்த "வரேன்" வரவே இல்லை.

ஜூன் மாதம் பதினொன்றாம் வகுப்பில் தாரணி வந்து சேர்ந்தாள். கோயம்புத்தூர்க்காரி. அப்பா ஐடி, ரிங் ரோட்டுப் பக்கம் அடுக்குமாடியில் ஏழாவது மாடி. புதிதாக வந்தவளை வரவேற்க வேண்டாமா? வகுப்புக் குழுவில் அவள் எண்ணை எடுத்து அழுத்தியது என் விரல். மோனி, இதற்காக அந்த விரலை நான் மன்னிக்கவே மாட்டேன். நீ எவர்சில்வர் சொம்புக்குள் வாயை வைத்து, "உனுக்கு புடிச்ச பேய்ப்படம் இன்னா?" என்று உறுமினாய்.

மறுமுனையில் அலறல் வரும் என்று காத்திருந்தோம்.

"எந்த ஊரு பேயிங்க? கொரியாவா, ஜப்பானா? யாருங்க, சொம்புக்குள்ள பேசற மாதிரி இருக்குது?" என்றாள் தாரணி.

நீ ஐந்து கேள்வி கேட்டாய். ஐந்துக்கும் விடை சொன்னாள். ஆறாவதாக அவள் ஒன்று கேட்டாள், உனக்குத் தெரியவில்லை. சொம்பிலிருந்து முகத்தை எடுத்தாய். அப்படி ஒரு வெளிச்சத்தை உன் முகத்தில் நான் பார்த்ததில்லை. "இவ நம்ம ஆளுடி" என்றாய். போன் செய்து ஆளை உள்ளே விட்டது நான். அந்த மாதிரிப் படங்களில் கதவைத் திறந்துவிடும் முட்டாள் ஒருத்தி இருப்பாளே, அது நானேதான்.

அப்புறம் எதற்கெடுத்தாலும் தாரணி. தாரணி வீட்டுச் சுவர் அளவு டிவி. தாரணி வீட்டில் நாலு மூலையிலும் ஸ்பீக்கர். பள்ளிக்குப் போகும் ரயிலில் நம் இருவருக்கு நடுவில் அவள் பை.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட மத்தியானம், அதே மாடியில் இரண்டாம் பாகம் போட்டோம். இருவரும் முதல் தடவையாகப் பார்க்கிறோம் என்றுதான் பேச்சு. நல்ல பக்கம் என் காதில், செத்த பக்கம் உன் காதில். ஒரு பெண் ஒன்றுமே தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாள். திடீரென்று உன் கை என் கண்ணை மூடியது. மூடிய மறுநொடி என் காதில் அலறல்.

"இப்பதான் குத்துவான்னு உனக்கு எப்டி தெரியும்?"

"மியூசிக் மாறுச்சுல்ல."

"உன் பக்கம்தான் செத்துப்போச்சே!"

நீ திருதிருவென்று விழித்தாய். "தாரணி ஊட்ல போன வாரம்... பெரிய டிவி கீதுடி, சும்மா கொஞ்சம்தான் பாத்தேன்..."

"கொஞ்சம்னா?"

"கடேசி வரைக்கும்."

படியில் இறங்கும்போது "போறேன்" என்றுகூட நான் சொல்லவில்லை. நான்கு நாள் பேசவில்லை. நீ இரண்டு நாள் என் பின்னாலேயே அலைந்தாய். மூன்றாம் நாள் பள்ளிக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். நடிப்பு என்று நினைத்தேன். நீ நடிக்கக் கூடியவள்தானே?

நான்காம் நாள் மாலை உங்கள் ஆட்டோ எங்கள் கேட் முன்னால் வந்து நின்றது. உன் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போவதாக என் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீ சால்வையைப் போர்த்திக்கொண்டு தலையை வெளியே நீட்டினாய். என்னை நேராகப் பார்த்துச் சொன்னாய்:

"போயிட்டு வரேன், பங்காளி."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "சொல்லிட்டல்ல? செத்தடி நீ" என்றேன்.

ஆட்டோ திரும்பும் வரை நீ சிரித்துக்கொண்டிருந்தாய். டெங்கு என்று மறுநாள் சொன்னார்கள். அதற்கு மூன்றாம் நாள் நீ இல்லை.

மோனி, இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கொசு கடித்துத்தான் டெங்கு வரும் என்று உயிரியல் புத்தகத்தில் படமே போட்டிருக்கிறது. ஆனாலும் முகம் கழுவக் கண்ணாடி முன்னால் நிற்கும்போதெல்லாம், முகமூடி கழன்ற நண்பன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது போல இருந்தது. அன்றிலிருந்து குறும்பு எதுவும் செய்யவில்லை. காலிங்பெல்கள் எல்லாம் ஓய்வில் இருக்கின்றன. அம்மா பயந்துபோய், "எதுனா வம்பு பண்ணேன்டி" என்று கேட்கிறாள்.

அந்த நிலைமையில்தான் "உயிர்த்தோழி" கவிதையைப் படித்தேன். நெமிலிச்சேரி பிளாட்பாரத்தில், நாம் உட்காரும் அதே பெஞ்சில் தாரணியைப் பிடித்தேன்.

"யாரக் கேட்டு உயிர்த்தோழின்னு போட்ட?"

சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். போனை எடுத்து என் காதில் வைத்தாள். உன் குரல்.

"ஏய் கோயம்புத்தூரு, பிளேட்லெட் கம்மியாம்டி. பிளேட்டு கம்மின்னா பாத்திரக் கடைக்குல்ல போவணும், என்னாத்துக்கு என்னைப் போட்டு குத்தறாங்கோ? அத வுடு. மேட்டர் இன்னா தெரியுமா? சுபா பேசிட்டா! நாலு நாளா வாயத் தொறக்கல. நானும் இன்னா பண்றதுன்னு யோசிச்சி, ஆட்டோல போறப்ப வேணும்னே 'போயிட்டு வரேன்'னு சொன்னேன். ரூல மீறுனா அவளால பேசாம இருக்க முடியாது. 'செத்தடி நீ'ன்னா பாரு! அப்பாடா, அந்த வாயத் தொறந்துட்டா. ஜுரமே எறங்குன மாதிரி கீது."

ஒரு ரயில் வந்து நின்று, போய்விட்டது. நாங்கள் ஏறவில்லை.

ஆக, அது எனக்கு வைத்த பொறி. வாழ்நாளில் நான் செய்த அத்தனை குறும்பையும் ஒரே வார்த்தையில் ஜெயித்துவிட்டுப் போயிருக்கிறாய். அதைச் சொல்லிப் பீற்றிக்கொள்ளக்கூட உனக்கு அவள்தான் கிடைத்தாளா?

தாரணி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "முதல் பாகத்த டப் பண்ணிக் காட்டுன்னு எத்தன தடவ கேட்டிருப்பேன் தெரியுமா? அது பங்காளி கூட மட்டும்னுட்டா. எங்க வீட்டுல நாலு ஸ்பீக்கர் இருக்குது. நாலுலயும் இங்கிலீஷ்தான் வருது." அதோடு நிற்கவில்லை. "உன்னப் பாத்தா எனக்கு எவ்ளோ எரியும் தெரியுமா? உயிர்த்தோழின்னு எழுத்துலயாவது இருக்கட்டும்னுதான் போட்டேன்."

என்னைப் பார்த்து ஒருத்திக்கு எரிகிறது என்று கேட்க எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது! நீ இருந்திருந்தால் என் மண்டையில் தட்டியிருப்பாய்.

உன் குரலை எனக்கு அனுப்பு என்றேன். "என்கிட்ட அது ஒண்ணுதான் இருக்குது" என்று போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பிறகு அனுப்பினாள். என் போனில் அது "ஃபார்வர்டு" என்ற சின்ன அம்புக்குறியோடு வந்து விழுந்தது. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அந்த அம்பு என்னைக் குத்துகிறது. உன் கடைசிக் குரல்கூட எனக்கு அவள் வழியாகத்தான் வரவேண்டுமா? உயிரோடு இருந்தால் இதற்கு இன்னொரு நான்கு நாள் பேசாமல் இருந்திருப்பேன். இரண்டு நாள். சரி, ஒரு நாள்.

உன் அம்மா அந்த இயர்போனை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். வருகிற ஞாயிறு மத்தியானம் தாரணியை உங்கள் மாடிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். முதல் பாகம். உன் வசனம் முக்கால்வாசி எனக்கு ஞாபகம் இருக்கிறது, மீதியை நானே போட்டுக்கொள்கிறேன். நல்ல பக்கத்தை அவள் காதில் வைப்பேன். உன் பக்கத்தை அவளுக்குத் தருவதாக இல்லை. அது எனக்கு.

இன்னொன்று. நேற்று உங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது வாசலில் உன் அம்மா நின்றார்கள். பழக்கதோஷத்தில் "போறேன்" என்று வாயில் வந்துவிட்டது. அவர்கள் முகம் சுருங்குவதைப் பார்த்தேன். திரும்பி உள்ளே போய், தண்ணீர் குடித்து, மறுபடி வாசலுக்கு வந்து, "போயிட்டு வரேன்" என்றேன். சட்டத்தை மீறிவிட்டேன், மோனி. இனி தினமும் மீறுவேன். பள்ளி விட்டதும் தினமும் உங்கள் வீட்டுக் காலிங்பெல்லை அழுத்துவேன். ஓடாமல் அங்கேயே நிற்பேன்.

செத்த பக்கத்தைக் காதில் மாட்டிக்கொண்டு,
உன் ஒரே பங்காளி
(தாரணியும் படிக்கட்டும், ஒரே பங்காளி)
சுபா