தெரிந்தே விட்டது

ஜனவரி 20, செவ்வாய்

சின்னையா அண்ணன் இன்றும் வெறுங்காலோடு வேலைக்கு நின்றார். கிள்ளான் பக்கத்து மேரு தொழிற்சாலையில் எங்கள் பேக்கிங் பகுதிக்கு நான்தான் சூப்பர்வைசர். சேஃப்டி பூட்ஸ் இல்லாமல் யாரையும் வாசலில் போட்டிருக்கிற மஞ்சள் கோட்டைத் தாண்டி உள்ளே விடக்கூடாது. ஆனால் அவர் தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கிறார். மகளுக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்ததற்கான வேண்டுதல். தோல் பூட்ஸ் காலில் படக்கூடாதாம். "பூசம் வரைக்கும்தான் தங்கச்சி" என்றார். தலையாட்டிவிட்டேன். சாமி காரியத்தில் குறுக்கே நிற்க நான் யார்?

ஜனவரி 26, திங்கள்

அடுக்கி வைத்திருந்த பெட்டிகள் சரிந்து அவர் இடது காலில் விழுந்துவிட்டன. மேலே எழுத முடியவில்லை.

ஜனவரி 27

இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்களாம்.

ஸ்டோரில் ரப்பர் பூட்ஸ் கிடந்தது. அதில் தோலே கிடையாது. ஏன்டி, அப்போ உனக்குத் தோணல?

மேனேஜர் கமலநாதன் அறைக்குக் கூப்பிட்டார். என்மேல் 'லேக்சிட்டி' என்று குற்றமாம். எத்தனையோ வருஷமாக இங்கிலீஷில் ஏச்சு வாங்குகிறேன், இந்தச் சொல்லைக் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து மகள் ஷாமினியிடம் கேட்டேன்.

"கண்டிப்பா இருக்க வேண்டிய எடத்துல லூசா விட்டுர்றதும்மா. குத்தம் சொல்றப்பதான் யூஸ் பண்ணுவாங்க."

நல்லதுக்குச் சொல்லவே மாட்டார்களா என்றேன்.

"அதுக்கு வேற வேர்டு லா. லீனியன்சி. எரக்கப்பட்டு விட்டுக்குடுக்கிறது."

செய்தது ஒரே காரியம்தான். கால் தப்பியிருந்தால் அந்தச் சொல். நசுங்கியதால் இந்தச் சொல்.

ஜனவரி 28

தெரிந்தே விட்டேன் என்று விசாரணையில் சொன்னால் என் வேலை போய்விடும். "நீங்க பாக்கலன்னு சொல்லுங்க லோகேஸ். அவரா கழட்டிட்டாருன்னு முடிஞ்சிரும்" என்கிறார் மேனேஜர். நல்லது சொல்கிற முகத்தோடுதான் சொல்கிறார். முடியும், யாருக்கு? அண்ணனுக்கு.

வீட்டில் சம்பாதிக்கிறவள் நான் ஒருத்தி. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

ஜனவரி 30

கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் கட்டிலோரம் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"பாக்கலன்னே சொல்லிரு தங்கச்சி. என் புள்ள கரையேறிருச்சு. உன் புள்ள இன்னும் படிக்குது."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிப்ரவரி 1, தைப்பூசம்

கோயிலுக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு?

பிப்ரவரி 4

பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 9

அண்ணனை வேலையை விட்டு நிறுத்திப் பல நாளாகிறது. எனக்கு வெறும் எச்சரிக்கையோடு போயிற்று. இப்போது நான் ரொம்பக் கண்டிப்பு. நேற்றுவரை அக்கா என்றவர்கள் மேடம் என்கிறார்கள். 'இப்பதான் சூப்பர்வைசர் மாதிரி இருக்கீங்க' என்று மேனேஜர் பாராட்டுகிறார்.

இன்று லாக்கரைக் காலி செய்ய அண்ணன் வந்தார். ஒரு காலில் சிலிப்பர், இன்னொன்றில் கட்டு. பேக்கிங் வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். பேரனுக்குப் பல் முளைக்கிறது என்றார். எல்லோரும் கைவேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள்.

"பூட்ஸ் இல்லாம உள்ள வரக்கூடாதுண்ணே."

நான்தான் சொன்னேன். என் வாய்தான்.

அவர் தலையாட்டிவிட்டு, மஞ்சள் கோட்டுக்கு வெளியே காலை மெதுவாக இழுத்துக்கொண்டார்.