கஜபதிக்கு மட்டும் கெட்டுப்போகும் பன்னீர் சோடா

1995 ஆகஸ்ட் 11

இன்று மன்றக் கூட்டத்தில் என் நாடகத்தைக் கொன்றுவிட்டார்கள். கொன்றவர் புதுச் செயலாளர் கஜபதி. ஆவடி குவார்ட்டர்ஸில் இத்தனை வருஷமாகப் பொங்கல் விழா மேடை என்றால் என் சிரிப்பு நாடகம்தான். இனிமேல் கிடையாதாம். "வேம்புலி, உங்க ஜோக்குக்கு இப்ப எவன்யா சிரிக்கிறான்? போன வருஷம் நானே தூங்கிட்டேன்" என்றார், எல்லோர் முன்னாலும். அந்த ஒரு ஜோக்குக்கு மட்டும் எல்லோரும் சிரித்தார்கள்.

மன்றத்துக்குக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது அல்லவா? பொங்கலுக்கு அதில் விளையாட்டுப் போட்டியாம்.

வீட்டுக்கு வந்து பொருமினேன். ஜெகதாம்பாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, "அவரு தூங்கினது நெசந்தாங்க. குறட்டை எனக்கே கேட்டுச்சு" என்றாள். கட்டிய மனைவி!

ஆகஸ்ட் 14

சும்மா விடுவேனா?

கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கப் பூந்தமல்லியிலிருந்து வரும் வஹீதுன்னிசா டீச்சர்தான் விளையாட்டை எழுதப்போகிறவர். கதை எழுதித் தருகிறேன் என்று போய் ஒட்டிக்கொண்டேன். பாதாளத்துக்குள் இறங்க வேண்டும். இறங்கும் ஒவ்வொரு தடவையும் அறைகள் இடம் மாறிவிடும். வழியில் அரிவாள் கிடைக்கும், குடை கிடைக்கும், குடித்தால் உயிர் ஏறும் பன்னீர் சோடா கிடைக்கும். செத்தால் மறுபடி முதல் படியிலிருந்து. கடைசி அறையில் ராட்சசன்.

"ராட்சசன் படம் யார் சார் வரையறது?"

"அந்தக் கஷ்டத்தை நான் பாத்துக்கறேன் டீச்சர்."

செப்டம்பர் 3

கட்டம் போட்ட தாளில் பென்சிலால் ஒவ்வொரு கட்டமாகக் கறுப்படித்து ராட்சசனைச் செய்தேன். வழுக்கை. தொப்பை. இடுப்பில் சாவிக்கொத்து. அசல் கஜபதி!

"இவ்வளவு தொப்பைக்குக் கட்டம் பத்தாது சார்" என்றார் டீச்சர். இரண்டு பக்கமும் கொஞ்சம் இளைக்கவைத்தோம். மனசே இல்லை.

செப்டம்பர் 9

போட்டி பொங்கலுக்குத்தான் என்றாலும், பழகிக்கொள்ள இன்றே திறந்துவிட்டார்கள். முதல் நாள் விளையாட்டு. ஃபிட்டர் துலுக்கானம்தான் முதலில் பாதாளம் போய்ச் சேர்ந்தார். ராட்சசனைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். மறுபடி ராட்சசன்.

"இன்னா சார், உங்க மூஞ்சியை நீங்களே போட்டுக்கினீங்களா?"

பின்னால் நின்ற வரிசை மொத்தமும் ஆமாம் ஆமாம் என்றது. எனக்கும் வழுக்கை, எனக்கும் தொப்பை. இதை எப்படி மறந்தேன்? கண்ணாடி இல்லாத வீடா என் வீடு?

அத்தோடு விட்டாரா? "அந்த அருவா கெட்ச்சா போதும் சார். ஒரே போடு, ராட்சசன் அவுட்டு. இதுல இன்னா மஜா கீது? அவனுக்கு உடம்புல கொஞ்சம் தெம்பு ஏத்து சார்."

கஜபதி ஒரே அடியில் சாக வேண்டும் என்றுதான் அரிவாளை அப்படி வைக்கச் சொல்லியிருந்தேன். ஆனால் எல்லோரும் அதையே சொல்லவே, அரிவாளை மொட்டையாக்கி, ராட்சசனுக்கு உயிரை மூன்று மடங்கு ஆக்கச் சொன்னேன். கஜபதிக்கு என் வாயாலேயே ஆயுசு கூட்டிவிட்டேன். முகத்திலும் ஒரு கொடுவாள் மீசை ஏற்றினேன். எனக்குத்தான் மீசை கிடையாதே.

செப்டம்பர் 16

கஜபதி வந்து விளையாடினார். ராட்சசன் வரும்வரை கதவோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். வந்தான்.

"அடடா, என்னா கம்பீரம்யா! யார் வரைஞ்சது? அப்படியே எங்க மாமனார் சாயல். பத்மாவைக் கூட்டியாந்து அவங்கப்பாவைக் காட்டணும்" என்றார்.

தோளில் வேறு தட்டினார்.

செப்டம்பர் 17

முகத்தால் முடியாது. சோடாவில் கைவைக்க வேண்டியதுதான்.

செப்டம்பர் 20

டீச்சரிடம் மெதுவாகக் கேட்டேன். ஆரம்பத்தில் பெயர் அடிக்கிறார்களே, ஒரு பெயருக்கு மட்டும் பன்னீர் சோடா கெட்டுப்போகுமா? உயிரை ஏற்றாமல் இறக்குமா?

"புரோகிராம்ல நாலு வரி எழுதினா போதும் சார்."

"பாவமில்லையா டீச்சர்?" — ஒரு பேச்சுக்குக் கேட்டு வைத்தேன்.

"இன்னிக்கும் அவரு என்னை டைப்பிஸ்ட்டம்மான்னுதான் கூப்பிட்டாரு. அஞ்சு வரியாவே எழுதறேன்."

வேறு பெயரில் விளையாடித் தப்பிக்கிற ஆளா அவர்? பத்திரிகை அடித்தாலே தன் பெயரைப் பெரிய எழுத்தில் போடச் சொல்கிறவர். இங்கும் ஒவ்வொரு தடவையும் இனிஷியலோடு அடிக்கிறார்.

அக்டோபர் 1

என்ன சுகம், என்ன சுகம்! இந்த வாரம் முழுக்கக் கஜபதி சாவதை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். இன்று டீச்சரிடம் புகார்: "ஏம்மா டைப்பிஸ்ட்டம்மா, ஊர்ல எல்லாருக்கும் சோடா உயிர் குடுக்குது, எனக்கு மட்டும் உயிர எடுக்குது. சரக்கு சரியில்லையே!" டீச்சர் முகத்தில் ஒரு சலனம் வேண்டுமே. "குலுக்காம குடிச்சுப் பாருங்க சார்" என்றார்.

அக்டோபர் 2

ஆயுதபூஜை. கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. பூஜையில் வைத்ததை நாளை வரை யாரும் தொடக்கூடாது என்று சொல்லி அறையைப் பூட்டியவரே கஜபதிதான். சாவியும் அவரிடம்.

மத்தியானம் சுண்டல் பாத்திரத்தை எடுக்க மன்றத்துக்குப் போனேன். பூட்டிய கம்ப்யூட்டர் அறையின் கதவு ஒருக்களித்திருந்தது. மாலையை விலக்கிவிட்டு மனிதர் விளையாடிக்கொண்டிருக்கிறார்! விரலெல்லாம் குங்குமம்.

"யார்ட்டயும் சொல்லிடாதீங்க வேம்புலி. எல்லாரும் இருந்தா கை நடுங்குது. தனியா ஒரு தரம்…"

சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்றேன். துலுக்கானத்திடம் மட்டும் சொன்னேன். போதாதா?

அக்டோபர் 9

போதும். மார்க்கெட் வரைக்கும் பரவிவிட்டது. துலுக்கானம் டீக்கடையில் பேசியது என் காதிலேயே விழுந்தது: "பூஜையில கீற மிஷின்ல கை வெச்சா சும்மா உடுமா மாமே? அதான் அவருக்கு மட்டும் சோடா கெட்டுப்பூடுது."

பூஜைக்கு முந்தியே கெட ஆரம்பித்த சோடா அது. யார் அதையெல்லாம் யோசிக்கிறார்கள்? கஜபதியே யோசிக்கவில்லை.

நவம்பர் 6

இன்று பரிகாரம். கம்ப்யூட்டர் முன்னால் கற்பூரம் காட்டி, சிதறுகாய் விட்டார் கஜபதி. சிதறியது காய் மட்டுமா?

"ஐயோ, கீபோர்டுல தேங்காத்தண்ணி!" — டீச்சர் சத்தம் போட்டு நான் கேட்டது இதுதான் முதல் தடவை. கவிழ்த்துவைத்துத் துடைத்து, விசிறியால் விசிறினார்கள். காய்ந்ததும் கஜபதி பயபக்தியோடு உட்கார்ந்தார். மூன்றாவது சோடாவில் செத்தார்.

யாரும் சிரிக்கவில்லை. நான் வெளியே போய்ச் சிரித்தேன்.

டிசம்பர் 12

கஜபதி என் வீட்டுக்கு வந்தார்! செருப்பை வாசலில் விட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"வேம்புலி, அந்த மிஷின் எனக்கு ஆகாது. நான் அந்தப் பக்கமே போறதில்ல. போட்டி அதுபாட்டுக்கு அந்த ரூம்ல நடக்கட்டும். மேடைக்கு… உங்க நாடகத்தையே போடுங்களேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் தெருமுனை திரும்புவதற்குள் பேப்பரை எடுத்துவிட்டேன். நாயகப் பாத்திரம்: கூட்டத்தில் தூங்கும் ஒரு செயலாளர். தொப்பை உண்டு.

1996 ஜனவரி 16

திரை விலகியது.

மொத்த ஹாலும் நாற்காலி. நாற்காலிகளில் ஆள் இல்லை. எல்லோரும் பக்கத்து அறையில். நான் பேசப் பேச, "அட்ச்சான்டா! உடாத, உடாத!" என்று சுவரைத் தாண்டி வருகிறது சத்தம். நான் பெற்ற ராட்சசன் என் கூட்டத்தைத் தின்றுவிட்டான்.

எனக்கு மிஞ்சியவர்கள் இரண்டு பேர். ஜெகதாம்பாள். அப்புறம் முதல் வரிசை நடுவில், இஸ்திரி போட்ட சட்டையோடு கஜபதி. மனிதர் தூங்கவே இல்லை. ஜோக் முடிவதற்கு முன்பே சிரித்தார். செயலாளர் குறட்டை விடும் காட்சியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். தன்னைத்தான் சொல்கிறேன் என்று கடைசிவரை தெரியவில்லையா, தெரிந்துதான் சிரித்தாரா? எனக்கு விளங்கவில்லை.

முடிந்ததும் மேடைக்கே வந்து கையைப் பிடித்தார். "அடுத்த வருஷமும் போடுங்க வேம்புலி. எனக்கு மட்டும் வேற எங்க போக்கிடம்?"

ஜனவரி 18

டீச்சர் கேட்டார்: "போட்டிதான் முடிஞ்சுடுச்சே சார். அந்த அஞ்சு வரியை எடுத்துடட்டா? அவரும் பாவம், ஒரு தரம் ஜெயிக்கட்டுமே."

நியாயம்தான். வாயைத் திறந்தேன், சரி என்று சொல்லத்தான்.

எடுத்துவிட்டால் அவரும் பக்கத்து அறைக்குப் போய்விடுவாரே.

"இருக்கட்டும் டீச்சர்" என்றேன்.