தண்ணீர் தராத ராணி

நாவலைப் பாதியில் போட்டுவிட்டு தன் அம்மா வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போன என் கணவருக்கு,

உங்கள் மாயாஜால நாவலை நானே படித்து முடித்தேன். பக்கத்துக்குப் பக்கம் பனிமூட்டம். முந்நூறு பக்கத்திலும் ஒருவர் துணியும் காய்ந்திருக்காது. ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை; நம் கானா நாட்டுக் குமாசி வெயிலிலும் எனக்குக் குளிரெடுத்தது.

ஓரிடத்தில்தான் எரிச்சல். ஏழு மலை தாண்டி வந்த நாயகனைப் பேய்களின் ராணி வாசலிலேயே நிறுத்தி, “எதுக்கு வந்த?” என்கிறாள். நான் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்த என் தங்கை செர்வா, “வந்தவனுக்குத் தண்ணி குடுக்காமலா சேதி கேப்பா? இவளெல்லாம் ஒரு ராணியா?” என்றாள். பிறகு என்னையே பார்த்தாள்.

போன ஞாயிறு நீங்கள் அங்கிருந்து திரும்பி வந்து வாசலில் நின்றபோது நானும் அதைத்தான் கேட்டேன்.

நாவலை எடுத்துப்போக வாருங்கள். தண்ணீர் மொண்டு வைத்திருக்கிறேன். குடித்து முடிக்கும்வரை எதுவும் கேட்கமாட்டேன்.

இப்படிக்கு,
பேய்களின் ராணி